தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு மூலிகை மருந்து: எதைக் கொடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

தண்டுவடத்தில் அடிபட்டு ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு மருந்தோடுதான் வருவார்கள். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்த அடி படுவதற்கு வழிகளும் நிறைய. புளி உலுக்க மரம் ஏறி விழுவது, மாந்தோப்பில் கிளை முறிந்து விழுவது, கல் குவாரி, எருது விடும் விழா, தொப்பூர் கணவாய் இறக்கம். மருந்துக்கும் குறைவில்லை. சித்தேரி மலையில் ஒருவர் வேர் தருகிறார், புத்தூர் கட்டு போட்டால் கூடிவிடும், ஒகேனக்கல்லில் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டால் நரம்பு இளகும் என்பார்கள். போதாததற்கு வாட்ஸ்அப்பில் யாரோ எழுந்து நடக்கிற வீடியோ. என் தம்பி படுத்திருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இதெல்லாம் நடந்தது. வேண்டாம் என்றால் செலவுக்குப் பயப்படுகிறார்கள் என்பார்கள், சரி என்றால் எதற்குச் சரி என்று தெரியாமலே தலையாட்டியிருப்போம். வீட்டில் முடிவெடுக்க வேண்டியவர் யாரோ அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நசுங்கிய தண்டுவடத்தைத் திரும்ப ஒட்டவைக்கிற மூலிகை என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டது எதுவும் இன்றைக்கு இல்லை. இங்கிலீஷ் மருந்திலும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் மலச்சிக்கல், தோள் வலி, சாப்பாடு என்று தண்டுவடத்தைச் சுற்றியுள்ள தொல்லைகளில் நாட்டு மருந்துக்கு இடம் இருக்கிறது. எந்த இடம் என்று தெரிந்து கொடுத்தால் உதவும், தெரியாமல் கொடுத்தால் புண், தீக்காயம், எலும்பு முறிவு, கிட்னி பாதிப்பு என்று புதுத் தொல்லைகள் வந்து சேரும்.

(இப்போதுதான் விழுந்தார், இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை என்றால் இதைப் படிக்காதீர்கள். கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டு போடுகிற இடத்துக்கு முதலில் போவது முதுகெலும்பு விஷயத்தில் மிக ஆபத்து. கை கால் எலும்புக்குக் கட்டு போட்டுக் கூடியவர்கள் இருக்கலாம், ஆனால் முதுகெலும்புக்குள்ளே தண்டுவடம் ஓடுகிறது, அங்கே ஒரு அசைப்பு தப்பினாலும் மிச்சமிருக்கிற உணர்வும் போய்விடும்.)

டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு விஷயம்

எந்த வைத்தியரிடம் போவதற்கு முன்னாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து இரண்டு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள். ஒன்று, எந்த மட்டத்தில் அடி: சி5, டி6, எல்1 என்று எழுதியிருப்பார்கள் (சி என்றால் கழுத்து, டி நெஞ்சுக்கு நேரான முதுகு, எல் இடுப்பு). இரண்டாவது, ஏசியா கிரேடு, அதாவது உணர்வும் அசைவும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு: ஏ-யிலிருந்து ஈ வரை. ஏ என்றால் ஆசனவாய் வரை உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. பி, சி, டி என்றால் கொஞ்சமாவது வழி மிச்சமிருக்கிறது. ஈ என்றால் பரிசோதனையில் எல்லாம் சரி.

இது ஏன் முக்கியம் என்றால், சி, டி கிரேடில் இருப்பவர்களில் நிறையப் பேர் மருந்து எதுவும் இல்லாமலே, பிசியோதெரபி மட்டும் செய்து, முதல் 6 மாதம் 9 மாதத்துக்குள் நன்றாகத் தேறி வருவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நாமும் லேகியத்தை ஆரம்பித்திருப்போம். பெயர் லேகியத்துக்குப் போய்விடும். அதனால் யாராவது 'எங்க மச்சான் இதே மருந்து சாப்பிட்டுத்தான் நடந்தார்' என்றால் சண்டை போட வேண்டாம், அவருக்கு எந்தக் கிரேடு, அடிபட்டு எத்தனையாவது மாதம் மருந்து ஆரம்பித்தார் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

எலி நடந்தது, சரி

மஞ்சள் தண்டுவடத்தைக் குணப்படுத்துகிறது என்று செய்தி வரும். பொய் இல்லை, ஆனால் பாதிதான். அடிபட்ட நிமிடத்தில் தண்டுவடத்துக்கு ஏற்படுவது முதல் சேதம். அதற்கடுத்த மணி நேரங்களிலும் நாட்களிலும் வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு, அழற்சி என்று சேதம் பக்கத்து நல்ல நரம்புக்கும் பரவும். மஞ்சளில் உள்ள குர்குமின், வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு, அமுக்கராவின் (அஸ்வகந்தா) சத்துகள், ஜின்செங் என்று பலவற்றை எலிகளுக்குக் கொடுத்து, இந்த இரண்டாவது சேதம் குறைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில் குறைந்தது. பக்கவாதத்துக்காக 1830 வாக்கில் வாங் சிங்ரென் என்ற சீன வைத்தியர் எழுதிவைத்த பூயாங் ஹுவான்வூ என்ற கஷாயத்தையும் இப்படித்தான் எலிகளில் சோதிக்கிறார்கள்.

ஆனால் அந்த எலிக்கு மருந்து பெரும்பாலும் அடிபட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ போய்விடுகிறது, அதுவும் பல நேரம் ஊசியாக வயிற்றுக்குள். நம் ஆளுக்கோ ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் யோசனையே வருகிறது. அப்போது தடுப்பதற்கு அந்த இரண்டாவது சேதமே மிச்சமில்லை, வடு விழுந்தாயிற்று. இன்னொன்று, எலியின் நடையை 0 முதல் 21 வரை மார்க் போட்டு அளப்பார்கள், மிதமான அடிபட்ட எலி மருந்தே இல்லாமலும் கொஞ்சம் மார்க் எடுத்துவிடும். மருந்து கொடுத்த எலி அதைவிடச் சில மார்க் கூட எடுத்தது என்பதைத்தான் செய்தியில் 'நடந்தது' என்று எழுதுகிறார்கள்.

அளவும் பெரிய சிக்கல். எலிக்கு எடையில் கிலோவுக்கு 100, 200 மில்லிகிராம் குர்குமின் என்று கொடுக்கிறார்கள். எலி அளவை மனித அளவுக்கு மாற்றும் கணக்கைப் போட்டாலும் 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிராமாவது வரும். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், ஆக ஒரு டீஸ்பூனில் 100 மில்லிகிராம் இருந்தால் அதிகம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி மஞ்சளே ஆனாலும் பாலில் ஒரு சிட்டிகை போட்டால் அது பால், மருந்து இல்லை. குடிக்கட்டும், தப்பில்லை. மிளகு சேர்த்தால் குர்குமின் உடம்பில் பல மடங்கு ஏறும் என்பது உண்மை. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், மிளகின் பைப்பெரின் சேர்த்தபோது மனிதர்களிடம் 20 மடங்கு கூடியது. ஆனால் அதே பைப்பெரின் ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மாத்திரையையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்தில் போடுகிற மிளகைப் பற்றிக் கவலை வேண்டாம், பைப்பெரின் சேர்த்த மஞ்சள் கேப்சூலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மலச்சிக்கல்: நாட்டு மருந்து நிஜமாகவே உதவுகிற இடம்

தண்டுவடம் அடிபட்டவரின் வீட்டில் ஒரு நாள் நல்லதா கெட்டதா என்பதைக் காலை கக்கூஸ்தான் முடிவு செய்கிறது. நடக்க முடியவில்லை என்பதைவிட இதற்குத்தான் என் தம்பி அதிகம் அழுதான்.

கேழ்வரகு களி நம் ஊர்ச் சாப்பாடுதான், நார்ச்சத்து உண்டு, கீரையோடு கொடுங்கள். மலம் கழிக்க வைப்பது தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக ஒருமுறை அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நிலவாகை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சென்னா மாத்திரையும் இதுவும் ஒன்றுதான். சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும், அதனால் ராத்திரி கொடுத்தால் காலையில் சரியாக வரும். நாட்டு மருந்துக் கடைப் பொடியைவிட அளவு எழுதிய மாத்திரையே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பொடியில் இன்றைக்கு ஒரு வேகம், நாளைக்கு ஒரு வேகம், நடுரோட்டில் வண்டியில் போகும்போது வந்து தொலைக்கும். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஒரு வாரம் பார்த்து மாற்றுங்கள். டாக்டர் ஏற்கெனவே சென்னா எழுதியிருந்தால் அதற்கு மேல் நிலவாகைச் சூரணம் சேர்ப்பது ஒரே மருந்தை இரண்டு முறை கொடுப்பதுதான்.

இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே களிமண்ணாய் இறுகிவிடும். டியூப் போட்டு நேரக் கணக்கில் மூத்திரம் எடுப்பவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் இடிக்கும். கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மூத்திரம்: நெருஞ்சில் கஷாயம் பற்றி யாரும் சொல்லாதது

கிட்னிக்கு நல்லது என்று நெருஞ்சில், சிறுகண்பீளை, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் கொண்டுவருவார்கள். சாதாரண ஆளுக்கு மூத்திரம் நன்றாகப் போனால் நல்லதுதான். ஆனால் 4 மணி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுப்பவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரக்கூடாது என்பார்கள். மூத்திரத்தைப் பெருக்குகிற கஷாயத்தைக் குடித்துவிட்டுப் பழைய நேரத்துக்கே டியூப் போட்டால் மூத்திரப் பை நிரம்பி வழியும், கிட்னி பக்கம் திரும்ப ஏறும். காய்ச்சல், கலங்கல், நாற்றம், திடீரென்று கால் இழுப்பு கூடுவது எல்லாம் கிருமித் தொற்றின் அறிகுறி. அதற்குக் கல்ச்சர் டெஸ்ட் எடுத்து ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும், கஷாயத்தில் நாள் கடத்தக்கூடாது.

டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூத்திரப் பை நிரம்பினாலோ, மலம் இறுகினாலோ, உணர்வில்லாத இடத்தில் சூடு பட்டாலோ, திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவப்பு, அடிபட்ட மட்டத்துக்கு மேலே வியர்வை வரும், பிரஷர் விர்ரென்று ஏறும். இவர்களுக்கு வழக்கமான பிரஷரே 90, 100 என்று இருக்கும், அதனால் 140 என்று பார்த்து 'கொஞ்சம்தான் அதிகம்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடுப்பைத் தளர்த்துங்கள், டியூப் மடிந்திருக்கிறதா பாருங்கள். சில நிமிடத்தில் இறங்காவிட்டால் 108. இதை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், எண்ணெய் தேய்க்க வருகிறவருக்கும் சேர்த்து.

எண்ணெய், ஒத்தடம், கிழி

சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். அங்கே உணர்வு இருக்கிறது, அதனால் அங்கே தைலம் தேயுங்கள், நொச்சி, வாதநாராயணன் இலை வதக்கி ஒத்தடம் கொடுங்கள், சுகமாக இருக்கும். ஒகேனக்கல் மசாஜ்காரரே ஆனாலும் தோளோடு நிற்கட்டும்.

உணர்வில்லாத இடத்தில் சூடு எதுவும் கூடாது. கிழியும் கூடாது, வெந்நீர் பையும் கூடாது. சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும், அந்தக் கொப்புளம் ஆற மாதக்கணக்காகும். காலை முறுக்கி, இழுத்து, மிதித்து உருவுவதும் கூடாது. நடக்காத கால் எலும்பு சுண்ணாம்புச் சத்து இழந்து பொரி மாதிரி ஆகியிருக்கும், தொடை எலும்பு முறிந்தால்கூட வலி தெரியாது, வீக்கமும் சூடும் மட்டும்தான் தெரியும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம். அதை உருவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் எடுக்காமல் அந்தக் காலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

லேசாகத் தடவிவிடுவதில் தப்பில்லை. தடவும்போதே பிட்டம், குதிகால், இடுப்பெலும்பு மேடு எல்லாவற்றையும் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், உண்மையில் எண்ணெயைவிட அந்தப் பார்வைக்குத்தான் பலன் அதிகம். படுக்கைப் புண் வந்துவிட்டால் பச்சிலை அரைத்துப் பூசாதீர்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதற்குப் பதிலாக எந்த இலையும் இல்லை.

வாயில் போகக்கூடாதவை

எட்டிக்கொட்டை. வாதத்துக்கு, முடக்கத்துக்கு என்று காலங்காலமாகக் கொடுக்கப்படுகிறது, சுத்தி செய்தது என்பார்கள். அதில் இருக்கிற ஸ்ட்ரிக்னைன் தண்டுவடத்தில் இயல்பாக இருக்கிற தடுப்பை எடுத்துவிடும், அதனால்தான் விஷமாகும்போது உடம்பு வில்லாக வளைந்து இழுக்கிறது. ஏற்கெனவே கால் உதறி இழுக்கிற ஆளுக்கு அந்தத் தடுப்புதான் குறைந்து போயிருக்கிறது. கால் அசைகிறது, மருந்து வேலை செய்கிறது என்று குடும்பமே சந்தோஷப்படும், ஆனால் அது இழுப்பு. தானாக நினைத்து அசைப்பது வேறு.

பற்பம், செந்தூரம், ரசம் (பாதரசம்) சேர்ந்த மருந்துகள். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. தண்டுவடம் அடிபட்டவருக்குக் கிட்னிதான் ஆயுள், அதில் கனஉலோகத்தை ஏற்றிப் பரிசோதனை செய்யக்கூடாது. கிட்னிக்காகப் பார்க்கிற ரத்த டெஸ்டில் கிரியாட்டினின் நார்மல் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது, தசை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். சிஸ்டாடின் சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

அமுக்கராச் சூரணம் பலருக்கு ஒத்துப்போகும், ஆனால் பேக்லோஃபென் (இழுப்புக்கான மாத்திரை), பிரிகாபலின் (நரம்பு வலி மாத்திரை) சாப்பிடுகிறவருக்குத் தூக்கத்தைக் கூட்டும், ஈரல் பாதிப்பும் சிலரிடம் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ போகிறது என்றால் பூண்டு, மஞ்சள், ஜின்கோ கேப்சூல்கள் வேண்டாம். சமையலில் போடுவது போடட்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, 'இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் நம்ம மருந்து பிடிக்கும்' என்ற பேச்சு. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் இழுப்பு பல மடங்கு திரும்பும், காய்ச்சல், பிதற்றல், வலிப்பு வரை போகும். இப்படிச் சொன்ன ஒருவரிடமிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

வைத்தியரிடம் என்ன கேட்பது

பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் படிப்பு படித்துப் பதிவு எண் வைத்திருப்பவரிடமே போங்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே காசும் இல்லை. மருந்தில் என்னென்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பரம்பரை ரகசியம், எழுத முடியாது என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பாட்டிலில் லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். முடக்கத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருட மாய மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். ஆக, போஸ்டரில் கேரண்டி என்று போட்டிருப்பவர் முதல் அடியிலேயே சட்டத்தை மீறுகிறார்.

கொடுப்பது என்று முடிவாகிவிட்டால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது மருந்து. ஆரம்பிப்பதற்கு முன்னால் ஈரல், கிட்னி ரத்தப் பரிசோதனை ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. ஒரு நோட்டில் மலம், மூத்திர அளவு, இழுப்பு, தூக்கம் எழுதிவாருங்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஏசியா பரிசோதனையை முன்னும் பின்னும் செய்யச் சொல்லுங்கள், உறவினர் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிசியோ கிடைக்கவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள், 2021 ஆகஸ்ட்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முடிந்தால் ஒருமுறை வேலூர் சிஎம்சி மறுவாழ்வுப் பிரிவுக்குப் போய்வாருங்கள். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கியது அது, 1966-லிருந்து நடக்கிறது.

கடைசியாகக் காசு. 'ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்க' என்பார்கள், 48 நாள் முடிந்ததும் இன்னொரு மண்டலம் என்பார்கள். ஆரம்பிக்கும்போதே என்ன மாறினால் தொடர்வோம், எது மாறாவிட்டால் நிறுத்துவோம் என்று அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடிபட்டவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், கை வராவிட்டால் அவர் வாயால் சொல்ல நீங்கள் எழுதுங்கள். காற்று மெத்தை, நாற்காலிக்கு நல்ல குஷன், போதுமான டியூப் இதெல்லாம் வாங்கிய பிறகு மிச்சமிருக்கிற பணத்தில்தான் மண்டலக் கணக்கு. நிலத்தை அடமானம் வைத்து லேகியம் வாங்கச் சொல்கிற பெரியப்பா வீட்டில் இருந்தால், அந்தக் குஷன் விலையை அவரிடமே கேளுங்கள், மறுக்க மாட்டார்.